மம்மூத் யானையும் நம்மூர் வீடியோ கெசட்டும்

(உலக ஒலி-ஒளி மரபுரிமை தினத்தையொட்டிக் கல்முனையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்துவிட்டுச் சிலர் என்னிடமே கேட்டார்கள்: "சேர், பூதப்படத்தைப் பத்தியா பேசப் போறீங்க? வேற விசயம் கிடைக்கல்லியா?" நியாயமான கேள்விதான். ஏட்டுச்சுவடி இருக்கிறது, அரபுத்தமிழ்க் கிதாபு இருக்கிறது, பழைய காணி உறுதி இருக்கிறது. அவற்றையெல்லாம் விட்டுவிட்டுப் பூதமும் பேயும் வரும் சினிமாவைக் காப்பாற்றுவது பற்றி ஒரு மாலைப்பொழுதைச் செலவழிப்பதா?

செலவழிக்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. பெருமைக்குரியது என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பொருளை யாராவது ஒருவர் எடுத்து வைப்பார். மதிப்பில்லை என்று ஒதுக்கியதுதான் முதலில் அழியும். உலகெங்கும் சினிமாவில் அப்படி முதலில் ஒதுக்கப்பட்டது பூதப்படம். அந்த இனத்துப் படங்கள் எப்படி அழிந்தன, எப்படித் தப்பின என்று பார்த்தால், நம் வீட்டு அலுமாரிக்குள் இருப்பதை எப்படிக் காப்பாற்றலாம் என்ற வழியும் தெரியும்.

1980 ஒக்டோபர் 27ஆம் திகதி, பெல்கிரேட் மாநாட்டில் யுனெஸ்கோ ஒரு பரிந்துரையை ஏற்றுக்கொண்டது. அசையும் படங்களும் மனித குலத்தின் மரபுரிமைதான், அவற்றையும் பேண வேண்டும் என்பது அதன் சாரம். 2005இல் அந்தத் திகதியையே உலக ஒலி-ஒளி மரபுரிமை தினமாக அறிவித்தார்கள். நல்ல படம், கெட்ட படம் என்று அந்தப் பரிந்துரை பிரிக்கவில்லை. அசையும் படம் என்றுதான் சொன்னது.

சேலத்தில் பிறந்த பூதம்

நமக்குப் பக்கத்திலிருந்தே தொடங்குவோம். தமிழ்நாட்டில் சேலத்தில் மொடர்ன் தியேட்டர்ஸ் என்று ஒரு ஸ்டூடியோ இருந்தது. டி.ஆர். சுந்தரம் நடத்தியது. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' (1938) அங்கிருந்துதான் வந்தது. எம்.ஜி.ஆர். நடித்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) அங்கிருந்துதான் வந்தது. நூற்றுக்கு மேற்பட்ட படங்களை எடுத்த அந்த ஸ்டூடியோவின் முகப்பு வளைவு மட்டுமே ஏற்காட்டு வீதியில் இன்று மிச்சமாக நிற்கிறது.

அந்த மொடர்ன் தியேட்டர்ஸ் 1952இல் ஓர் அமெரிக்கக் கம்பனியோடு கூட்டுச் சேர்ந்து 'த ஜங்கிள்' என்று ஒரு படம் எடுத்தது. தமிழில் அதன் பெயர் 'காடு'. இயக்கியவர் வில்லியம் பேர்க். நடித்தவர்கள் ரொட் கமரன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர் என்ற ஹொலிவூட்காரர்கள். இசையில் நம் ஜி. ராமநாதனின் கைவண்ணமும் உண்டு. கதை இதுதான்: காட்டு யானைகள் ஊர்களுக்குள் புகுந்து துவம்சம் செய்கின்றன. காரணம் தேடி ஓர் இளவரசியும் அமெரிக்க வேட்டைக்காரன் ஒருவனும் காட்டுக்குள் போகிறார்கள். கடைசியில் அவர்கள் காண்பது, பூமியிலிருந்து எப்போதோ அற்றுப்போன மம்மூத் யானைகளின் கூட்டம்.

மம்மூத்துக்கு எங்கே போவது? அங்கிருந்த யானைகளைப் பிடித்து, உடம்பு முழுக்கச் சடை மயிர் போர்த்தி, தந்தத்தை நீட்டிக் கட்டி, கெமராவுக்கு முன் விட்டார்கள். பனிப் பிரதேசத்து மிருகத்தின் கம்பளியை அந்த வெயிலில் சுமந்த யானைகளின் பாட்டை நீங்களே நினைத்துப் பாருங்கள்! படம் பார்த்த எவரும் அதை உயர்ந்த கலை என்று சொன்னதில்லை. சொல்லவும் வேண்டாம்.

ஆனால் இதே கதையை வயல் செய்யும் நம் வட்டைக்காரர் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் சிரிக்க மாட்டார். யானை ஏன் ஊருக்குள் வருகிறது என்பது சினிமாக் கேள்வி அல்ல, அவருடைய கேள்வி. அறுவடைக் காலத்தில் பரணில் ஏறி, யானைவெடியோடு ராவு முழுக்க முழித்திருக்கிறவர் அவர். நம் இலங்கையில் ஒரு வருடத்தில் நானூறுக்கு மேற்பட்ட யானைகளும் நூற்றுக்கு மேற்பட்ட மனிதர்களும் இந்த மோதலில் செத்த வருடங்கள் உண்டு. நம் மாவட்டத்துக் குப்பை மேட்டில் பொலித்தீன் தின்னும் யானைகளின் படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. 1949இல் கல்லோயாக் குடியேற்றத் திட்டம் தொடங்கியதிலிருந்து காடு எவ்வளவு குறைந்தது, யானையின் வழித்தடம் எங்கே மறிக்கப்பட்டது என்பதெல்லாம் நமக்குத் தெரியும். 1952இல் ஒரு சேலத்து ஸ்டூடியோ அதே பயத்துக்கு மம்மூத் என்று காரணம் கற்பித்தது. காரணம் பொய். பயம் மெய். ஒரு காலத்து மனிதர்கள் எதற்குப் பயந்தார்கள் என்பதைச் சரித்திரப் புத்தகத்தை விட பூதப்படம் பச்சையாகச் சொல்லிவிடும்.

இதற்கு இன்னும் பெரிய சாட்சி ஜப்பானில் இருக்கிறது. 1954 மார்ச் 1ஆம் திகதி பசிபிக் சமுத்திரத்துப் பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டை வெடித்துப் பார்த்தது. தூரத்தில் சூரை பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஒன்றில் 23 மீனவர்கள் இருந்தார்கள். கதிரியக்கச் சாம்பல் அவர்கள் மேல் விழுந்தது. படகின் வானொலித் தொடர்பாளர் அதே வருடம் செப்டம்பரில் இறந்தார். அதே வருடம் நவம்பர் 3ஆம் திகதி 'கொட்சில்லா' வெளியானது. இஷிரோ ஹொண்டா இயக்கிய அந்தப் படம் கடலில் ஒரு கப்பல் திடீரென்று தீப்பற்றி அழிவதில் தொடங்குகிறது. கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை, கரையில் பெண்கள் காத்து நிற்கிறார்கள். ஆழ்கடலுக்குப் படகு அனுப்பும் நம் கரைக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்கத் தேவையில்லை.

தீர்ப்புக்கும் தப்பிய பேய்கள்

சரி, இந்தப் படங்கள் எப்படித் தப்பின?

ஜெர்மனியில் எஃப்.டபிள்யூ. முர்னாவ் 1922இல் 'நொஸ்ஃபெராட்டு' என்ற இரத்தம் குடிக்கும் பேயின் படத்தை எடுத்தார். கதை, பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவலிலிருந்து அனுமதி கேட்காமல் எடுத்தது. ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டார். எல்லாப் பிரதிகளையும் அழித்துவிட வேண்டும் என்று 1925இல் தீர்ப்பானது. சட்டப்படி அந்தப் படம் இன்று இருக்கவே கூடாது. ஆனால் அதற்குள் சில பிரதிகள் வேறு நாடுகளுக்குப் போய்விட்டன. அவற்றை ஒட்டவைத்துத்தான் பிற்காலத்தில் படத்தை மீட்டார்கள். இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் கைப்போனில் அதைப் பார்க்கலாம்.

எடிசன் கம்பனி 1910இல் கால் மணி நேரத்துக்குக் கிட்டிய 'ஃபிராங்கன்ஸ்டைன்' ஒன்றை எடுத்தது. அது அழிந்தே போனது என்று பல காலம் நினைத்தார்கள். விஸ்கொன்சின் மாநிலத்துச் சேகரிப்பாளர் அலொயிஸ் டெட்லாஃபிடம் ஒரே ஒரு பிரதி இருந்தது. அவர் காலமான பிறகு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அவருடைய சேகரத்தை வாங்கி, பழுது பார்த்து, 2018இல் இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்தது. ஒரே மனிதரின் அலுமாரியில் ஒரு நூற்றாண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

தப்பாதவையும் உண்டு. லொன் சேனி நடித்த 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்' (1927) படத்தின் கடைசிப் பிரதி எம்.ஜி.எம். கம்பனியின் களஞ்சியத்தில் 1960களில் பற்றிய தீயில் போனது. பிறகு, எஞ்சிய நிழற்படங்களை வரிசையாக அடுக்கி, 2002இல் தொலைக்காட்சிக்கு ஒரு வடிவம் செய்தார்கள். பம்பாயில் 1966இல் 'கொகோலா' என்று ஓர் இந்திப் படம் வந்தது. கொட்சில்லாவைப் பார்த்துச் செய்தது. கடல் பூதம் பம்பாய்க்குள் வருகிறது. படம் தொலைந்துவிட்டதாகவே கருதப்படுகிறது. பாட்டுகளும் விளம்பரப் படங்களும்தான் கைக்கு வருகின்றன.

இந்த நான்கு கதைகளிலும் ஒரே கணக்குத்தான் ஓடுகிறது. படம் தரமானதா, தரமற்றதா என்பது அதன் ஆயுளைத் தீர்மானிக்கவில்லை. எத்தனை பிரதி இருந்தது, அவை எத்தனை இடத்தில் இருந்தன என்பதுதான் தீர்மானித்தது. ஒரே இடத்தில் பத்திரமாக வைத்தது எரிந்தது. பல கைகளுக்குச் சிதறியது தப்பியது.

பெயர் மாற்றத்தால் வந்த ஆயுள்

இணையத்துக்கு வருவோம். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தில் ஜோர்ஜ் ரொமேரோவும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு லட்சத்துப் பதினாலாயிரம் டொலர் அளவில் கறுப்பு-வெள்ளைப் படம் ஒன்றை எடுத்தார்கள். செத்தவர்கள் எழும்பி வந்து மனிதரைத் தின்னும் கதை. 1968 ஒக்டோபர் 1ஆம் திகதி முதல் காட்சி. வெளியீட்டாளர் கடைசி நேரத்தில் படத்தின் பெயரை 'நைட் ஒவ் த லிவிங் டெட்' என்று மாற்றினார். பழைய பெயரட்டையில்தான் பதிப்புரிமைக் குறிப்பு இருந்தது. புதிய அட்டையில் அதைப் போட மறந்துவிட்டார்கள். அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் அந்தக் குறிப்பு இல்லையென்றால் உரிமை இல்லை. வெளியான நாளிலேயே படம் பொதுச்சொத்தாகிவிட்டது.

எடுத்தவர்களுக்கு அது பெரிய நட்டம். படத்துக்கோ ஆயுள். எந்தத் தொலைக்காட்சியும் காசு கொடுக்காமல் போட்டது. எந்த வீடியோக் கம்பனியும் கெசட் அடித்தது. புரூஸ்டர் கேல் 1996இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணையக் களஞ்சியத்தில் ஏறி, அங்கே மிக அதிகமாகப் பதிவிறக்கப்படும் படங்களில் ஒன்றாகியது. இன்று நாம் பார்க்கும் நடைபிணப் படங்களெல்லாம் அந்தப் படத்தின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். 1999இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அதற்கு இடம் கிடைத்தது.

இத்தோடு கதையை நிறுத்தினால் அரைக் கதைதான். ஆயிரம் பிரதி பரவியது உண்மை. ஆனால் பிரதிக்குப் பிரதி எடுத்து, இருட்டு மண்டி, ஓரம் வெட்டுப்பட்டு, சத்தம் கரகரத்துத்தான் அது பரவியது. மூல நெகட்டிவை ரொமேரோவின் கூட்டாளிகள் கைவிடாமல் வைத்திருந்தார்கள். நியூயோர்க் நவீன கலைக்கூடமும் திரைப்பட அறக்கட்டளை ஒன்றும் சேர்ந்து அதிலிருந்து 2016இல் படத்தைப் புதுக்கின. எத்தனையோ வருடமாக யாரும் காணாத விவரங்கள் அப்போதுதான் திரையில் தெரிந்தன. ஆக, பரவுவது ஒரு வேலை, மூலத்தைப் பேணுவது இன்னொரு வேலை. ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

இன்னொரு எச்சரிக்கை. 2024 ஒக்டோபரில் இன்டர்நெட் ஆர்கைவ் மீது கணினித் தாக்குதல் நடந்து, நாட்கணக்கில் அது மூடிக் கிடந்தது. பதிப்பகங்கள் போட்ட வழக்கில் அதற்கு முந்திய மாதந்தான் மேன்முறையீட்டிலும் அது தோற்றிருந்தது. 'யூடியூப்பில கிடக்கு, இனிப் பயமில்ல' என்று நம் பிள்ளைகள் சொல்கிறார்கள். யூடியூப் ஆவணக் காப்பகமல்ல, ஒரு கம்பனி. யாரோ ஒருவர் உரிமை கேட்டு எழுதினால், ஏற்றியவரின் கணக்கு மூடப்பட்டால், காணொளி ஒரே இரவில் இல்லாமல் போகும். இணையமும் ஓர் இடம். அந்த ஓர் இடத்தை மட்டும் நம்பக் கூடாது.

நம் பக்கத்துக் கணக்கு

இனி நம் கணக்கைப் பார்ப்போம். இந்தியாவில் எடுத்த மௌனப் படங்கள் ஆயிரத்து முந்நூறு அளவில். முழுதாக எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) நம்மிடம் இல்லை. புனேயில் 1964இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கி, பி.கே. நாயர் ஊர் ஊராக அலைந்து சுருள்களைச் சேர்த்தார். அப்படிச் சேர்த்ததிலும் ஒரு பகுதியை 2003 ஜனவரியில் தீ கொண்டுபோனது. பழைய படச்சுருள் நைட்ரேட்டால் ஆனது. பற்றினால் அணைக்க முடியாது.

இலங்கையின் கணக்கு இன்னும் கசப்பானது. முதல் சிங்களப் பேசும்படமான 'கடவுணு பொறொந்துவ' (1947) எஸ்.எம். நாயகம் என்ற தமிழர் மதுரையில் எடுத்த படம். நம் நாட்டின் முதல் தமிழ்ப்படம் 'சமுதாயம்' 16 மில்லிமீற்றரில் 1962இல் வந்தது. 'தோட்டக்காரி' (1963), 'குத்துவிளக்கு' (1972), தர்மசேன பத்திராஜ என்ற சிங்கள நெறியாளர் தமிழில் எடுத்த 'பொன்மணி' (1977), செங்கை ஆழியான் நாவலிலிருந்து 'வாடைக்காற்று' (1978) என்று கைவிரல் விட்டு எண்ணக்கூடிய ஒரு வரிசை. 1983 ஜூலை இனக்கலவரத்தில் ஹெந்தளையில் கே. குணரத்தினம் என்ற தமிழரின் விஜயா ஸ்டூடியோவை எரித்தார்கள். பல படங்களின் நெகட்டிவ்கள் அந்தத் தீயில் போயின. எரிந்தவற்றில் பெரும்பகுதி சிங்களப் படங்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இனத்தைப் பார்த்து வைத்த தீ, இனம் பார்த்து எரிக்கவில்லை. அதற்கு இரண்டு வருடத்துக்கு முன் யாழ்ப்பாணப் பொது நூலகம் போனது. அங்கும் ஒரே கட்டிடம், ஒரே பிரதி.

அந்த எரிப்புகளுக்குப் பிறகு வந்தவைதான் இணைய நூலகங்கள். 1998இல் மதுரைத் திட்டம் தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றத் தொடங்கியது. 2005இல் நம் நாட்டுத் தமிழ் நூல்களுக்கும் சஞ்சிகைகளுக்கும் நூலகம் வலைத்தளம் பிறந்தது. இன்று நூலக நிறுவனம் ஒலி, ஒளி, நிழற்படம் போன்றவற்றுக்கென்றே ஆவணகம் என்ற தனித் தளத்தை நடத்துகிறது. யாழ்ப்பாணத்து நூல்களுக்கு மட்டுமல்ல, முஸ்லிம் ஊர்களின் ஆவணங்களுக்கும் அங்கே இடமுண்டு. நாம் கொண்டுபோய்க் கொடுத்தால்தானே அந்த இடம் நிறையும்?

நம் கரைக்கு நெருப்பை விடத் தண்ணீர்தான் எதிரி. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியில் இந்த மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கடல் எடுத்தது. நாட்டிலேயே அதிகமான இழப்பு நம் கரையில்தான். அன்று கெசட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. ஆனால் இருபது வருடம் கழித்து இன்று ஒரு பிள்ளை, 'என்ட மூத்தவாப்பாட சத்தம் எப்படியிருக்கும்?' என்று கேட்டால், போட்டுக்காட்ட எதுவும் இல்லாத வீடுகள் இந்தக் கரையில் எத்தனை?

கடல் வராத வீட்டிலும் உப்புக்காற்று வருகிறது. வீடியோ கெசட்டின் நாடா ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். காந்தப் பூச்சு உதிரும். கெசட் நன்றாக இருந்தாலும் போட்டுப் பார்க்க டெக் இல்லை. உலகத்தில் கடைசியாக டெக் செய்துகொண்டிருந்த ஜப்பானிய ஃபூனாய் கம்பனி 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இருக்கிற டெக்குகள் ஒவ்வொன்றாய்ப் பழுதாகின்றன, திருத்தத் தெரிந்தவர்களும் வயதாகிப் போகிறார்கள். படச்சுருளைக் கூடக் குளிரில் வைத்தால் நூறு வருடம் தாங்கும். நாடாவுக்கு அந்த அவகாசம் கிடையாது.

குப்பையா, ஹராமா?

இரண்டு ஆட்சேபனைகள் இந்த மண்டபத்திலேயே இருக்கும். ஒன்று, 'குப்பைப் படத்தைக் காப்பாற்றி என்ன?' மற்றது, 'சினிமாவே ஆகாது என்கிற ஊரில் இது என்ன பேச்சு?'

முதலாவதற்கு விடை: எது குப்பை என்று தீர்மானிக்கிற உரிமை நமக்கில்லை, நமக்குப் பின் வருகிறவர்களுக்குத்தான் உண்டு. 'நொஸ்ஃபெராட்டு' அன்று திருட்டுப் படம், இன்று பாடப்புத்தகம். நடைபிணப் படம் அன்று பிள்ளைகளைப் பயம்காட்டும் மட்டமான சரக்கு, இன்று தேசியச் சொத்து. தேர்ந்தெடுத்துக் காப்பாற்றுகிறவன் தன்னுடைய ரசனையைத்தான் காப்பாற்றுகிறான், காலத்தை அல்ல.

இரண்டாவதை மரியாதையோடு எடுத்துக்கொள்கிறேன். சினிமா பார்ப்பது சரியா, பிழையா என்ற தீர்ப்பைச் சொல்ல நான் ஆலிமும் அல்ல, அதற்கு இது மேடையும் அல்ல. ஆனால் எண்பதுகளில் மத்திய கிழக்கிலிருந்து வந்த டெக்கைச் சுற்றி ஊர் என்ன செய்தது என்பது நடந்த விசயம். வாடகைக்கு டிவியும் டெக்கும் எடுத்து, ராவு முழுக்கப் படம் ஓட்டிய வீடுகள் இருந்தன. அதைக் கண்டித்துப் பேசிய பெரியவர்களும் இருந்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தவர்களும் இருந்தார்கள். பார்த்ததும் சரித்திரம், தடுத்ததும் சரித்திரம். கண்டித்துப் பேசிய உரையின் ஒலிநாடா யாரிடமாவது இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். அதற்கும் இதே அலுமாரியில்தான் இடம்.

பேணுவது எப்படி என்பதற்கு நம் மார்க்கக் கல்வியிலேயே பெரிய முன்மாதிரி இருக்கிறது. ஒரு ஹதீஸைச் சொன்னால் அதை யார் யாரிடமிருந்து கேட்டார், அவர் யாரிடமிருந்து கேட்டார் என்ற இஸ்னாத் கூடவே வரவேண்டும். சங்கிலி இல்லாத செய்திக்கு மதிப்பில்லை. மார்க்கத்தின் புனிதத்தோடு சினிமாவை நான் ஒப்பிடவில்லை, அந்த ஒழுங்கைத்தான் கடன் கேட்கிறேன். இணையத்தில் இலட்சக்கணக்கான காணொளிகள் பெயரில்லாமல், வருடமில்லாமல், யாரிடமிருந்து வந்தது என்றில்லாமல் கிடக்கின்றன. அவை இருந்தும் இல்லாதவை. எந்தக் கெசட்டிலிருந்து எடுத்தது, யார் வீட்டுக் கெசட், எந்த வருடம், யார் பதிந்தார், யார் கணினிக்கு மாற்றினார் என்று அரைப் பக்கம் எழுதி வைத்தால்தான் அது ஆவணம்.

செய்ய வேண்டிய வேலை

இனி வேலை விசயம். இளைஞர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

பூஞ்சணம் பிடித்த கெசட்டை டெக்கில் போடாதீர்கள். டெக்கும் கெடும், அடுத்த கெசட்டுக்கும் பரவும். தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்த பிறகு போடுங்கள். டிவியில் ஓடவிட்டு அதைக் கைப்போனால் படம் பிடிக்கிற வேலை வேண்டாம். டெக்கிலிருந்து வயர் மூலம் கணினிக்கு எடுக்கிற சிறிய கருவி விற்கிறார்கள். தரம் குறையாத பெரிய கோப்பு ஒன்றை மூலமாக வையுங்கள். பார்ப்பதற்கும் அனுப்புவதற்கும் சிறிய கோப்பு ஒன்றைத் தனியாகச் செய்யுங்கள். இப்போது ஏஐ என்று வந்திருக்கிறது, முகத்தையெல்லாம் பளிச்சென்று ஆக்கித் தருகிறது. அதைச் சிறிய கோப்பில் விளையாடுங்கள். மூலத்தில் கை வைக்காதீர்கள். இல்லாத முகத்தை அது உண்டாக்கிவிடும்.

கெசட்டில் படத்துக்கு முன்னும் பின்னும் இருப்பதை வெட்டாதீர்கள். வீடியோக் கடையின் விளம்பரம், ரூபவாஹினியின் அறிவித்தல், பாதியில் அழித்து மேலே பதிந்த யாருடையவோ கலியாண வீடு ஆகியவைதான் சில வேளை படத்தை விடப் பெறுமதி. படம் வேறெங்காவது கிடைக்கலாம். அந்தக் கலியாண வீடு உங்கள் கெசட்டில் மட்டுந்தான்.

கோப்பு செய்ததும் அதற்கொரு செக்சம் எடுத்து எழுதி வையுங்கள். கோப்பைக் கணக்கிட்டு வரும் ஓர் எண் அது. கோப்பில் ஓர் எழுத்தளவு மாறினாலும் எண் மாறும். வருடத்துக்கு ஒரு முறை ஒப்பிட்டால், எது பழுதாகிறது என்று முன்னரே தெரிந்துவிடும். பிறகு மூன்று பிரதி. ஒன்று இங்கே, ஒன்று கடல் எட்டாத ஊரில், ஒன்று இணையத்தில். கண்டியிலோ கொழும்பிலோ உங்களுக்கு ஒரு சொந்தக்காரர் இல்லாமலா போவார்? ஒரு ஹார்ட் டிஸ்க்கை அவர் வீட்டு அலுமாரியில் வைக்கச் சொல்லுங்கள்.

கெசட் இல்லாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. படம் தொலைந்தாலும் அதன் பாட்டுப் புத்தகம் எஞ்சும். கொட்டகை வாசலில் விற்ற அந்தச் சின்னப் புத்தகத்தில் கதைச்சுருக்கமும் நடித்தவர் பெயர்களும் இருக்கும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அப்படிப்பட்ட புத்தகங்களை முறையாகச் சேர்த்து வைத்திருக்கிறது. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் என்ற தனிமனிதர் வாழ்நாள் முழுதும் சேர்த்த துண்டறிக்கைகளும் நிழற்படங்களும்தான் தமிழ்ச் சினிமாவின் பட்டியலுக்கே ஆதாரமாகின. நம் கொட்டகைகளின் துண்டுப்பிரசுரம், நுழைவுச்சீட்டு, வாசலில் எடுத்த நிழற்படம் எதையும் ஸ்கேன் செய்யுங்கள். படம் ஓட்டிய ஒப்பரேட்டர்மார் இன்னும் சிலர் நம்மோடு இருக்கிறார்கள். மாட்டுவண்டியில் மைக் கட்டிக் கூவிப் போனவர்களும் இருப்பார்கள். அவர்கள் முன்னால் உட்கார்ந்து கதைக்கச் சொல்லிப் பதியுங்கள். பேராசிரியர் எம்.ஏ. நுஃமான் போன்ற அறிஞர்களைத் தந்த ஊர் இது. பக்கத்தில் ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகமே இருக்கிறது. ஒரு மாணவர் ஓர் ஊர் என்று எடுத்துக்கொண்டாலே போதும்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டப்படி ஒலி-ஒளிப் படைப்புக்கு 70 வருடப் பாதுகாப்பு. இந்தியாவில் சினிமாவுக்கு 60 வருடம். அந்தக் கணக்கில் 1952ஆம் ஆண்டின் 'காடு' இரண்டு நாட்டிலும் காலம் கடந்துவிட்டது. 'சமுதாயம்' நம் நாட்டில் இன்னும் கடக்கவில்லை. பேணுவதற்காகப் பிரதி எடுக்க நூலகங்களுக்கும் காப்பகங்களுக்கும் சட்டம் நிபந்தனையோடு இடம் தருகிறது. ஆகவே, எடுத்து வைப்பதற்கும் ஊருக்குத் திறந்து விடுவதற்கும் வித்தியாசம் தெரிந்து நடக்க வேண்டும். குடும்பக் கெசட் என்றால் அந்த வீட்டுப் பெண்களின் சம்மதம் கேட்காமல் ஒரு நொடிகூட வெளியே விடக்கூடாது. காப்பது எல்லாவற்றையும். காட்டுவது சம்மதம் உள்ளதை மட்டும்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். அடுத்த பெருநாளுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது அலுமாரிக்கு மேலே கிடக்கும் கெசட் பெட்டி குப்பை லொறிக்குப் போகும். அதற்கு முன் அதை இறக்குங்கள். பூதப்படமா, மார்க்கப் பேச்சா, கலியாண வீடா என்று பிரிக்காதீர்கள். ஒவ்வொன்றின் மேலும் பெயரும் வருடமும் யாருடையது என்பதும் எழுதி, ஊர் நூலகத்திலோ கணினி தெரிந்த ஒரு பிள்ளையின் கையிலோ கொடுங்கள். சேலத்து யானைக்கு மயிர் போர்த்தி எடுத்த படத்தைப் பற்றி எழுபது வருடம் கழித்து நாம் இங்கே பேசுகிறோம் என்றால், யாரோ சிலர் அதைத் தூக்கி வீசவில்லை என்பதுதான் காரணம். நீங்களும் வீசாதீர்கள்.